உப்பு வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை

மத்தியானச் சாப்பாட்டுக்கு உப்புக் கிண்ணத்தை மேஜையில் வைப்பதா, அடுக்களையிலேயே விட்டுவிடுவதா? ஏழு மாதமாகத் தினமும் பன்னிரண்டரை மணிக்கு இந்தக் கேள்வியோடு நிற்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை. வைத்தால், என் மாமியார் அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடியே உப்பில்லாத சோற்றைப் பிசைந்து சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். வைக்காவிட்டால், "எனக்காவ நீங்க ஏன் சப்புன்னு திங்கிய?" என்று அவர்களே எழுந்துபோய்க் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பார்கள். அது இன்னும் மோசம்.

அவர்கள் உப்பை விட்டதற்குக் காரணம் என் வியாதி. இன்னும் சரியாகச் சொன்னால் நான் சொன்ன ஒரு பொய். அதைச் சொல்வதற்கு முன் வியாதியைச் சொல்லிவிடுகிறேன். இதே வியாதி வந்த வீட்டில் யாராவது இதைப் படித்தால் கொஞ்சம் பயம் குறையட்டும். சிரிப்பு வந்தால் அதுவும் நல்லதுதான். எங்கள் வீட்டில் அழுதது போக மிச்சமிருந்த நேரமெல்லாம் சிரித்துக்கொண்டுதான் இருந்தோம்.

போன வருஷம் ஆனி மாதம் என் வயிறு பெரிதாக ஆரம்பித்தது. எங்கள் மகள் லில்லிக்கு அப்போது மூன்று வயது. கோயிலில் (நாங்கள் சர்ச்சைக் கோயில் என்றுதான் சொல்வோம்) பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தவர்கள்தான் முதலில் கண்டுபிடித்தார்கள். ஆராதனை முடிவதற்குள் செய்தி வாசல்வரை போய்விட்டது. வாசலில் என் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு நாலு பேர் சந்தோஷம் சொன்னார்கள். எனக்கோ நாள் கணக்கு ஒத்துவரவில்லை. ஆனால் இத்தனை பேர் இவ்வளவு நிச்சயமாகச் சொல்லும்போது, நான்தான் தப்பாக எண்ணியிருப்பேனோ என்று காலண்டரை எடுத்து இரண்டு தடவை எண்ணினேன். மூன்றாவது தடவை என் வீட்டுக்காரரை விட்டு எண்ணச் சொன்னேன். அவர் துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டை, இறங்கும் மூட்டை இரண்டையும் எண்ணிக் குறிப்பதுதான் வேலை. எண்ணிக்கையில் அவர் தப்பியதே இல்லை. அவருக்கும் ஒத்துவரவில்லை.

அதற்குள் அத்தை மாங்காய் வாங்கி வந்துவிட்டார்கள். (மாமியாரை நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன்.) கோயிலில் ஒரு அக்கா மஞ்சள் கம்பளி நூலில் குழந்தைக்குத் தொப்பி பின்னிக் கொடுத்துவிட்டார். இந்த ஊர் வெயிலில் கம்பளித் தொப்பி எதற்கு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

எங்கள் டாக்டரம்மா சாத்தான்குளத்துக்காரர். வெளிநாட்டில் இரண்டு வருஷம் இந்த வியாதிக்கென்றே படித்துவிட்டு வந்து, எங்கள் ஊரில் ஒரு சிறிய ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிறார்கள். என் வயிற்றில் கையை வைத்தார்கள். இடது பக்கம் தட்டினார்கள், வலது பக்கம் தட்டினார்கள், என்னை ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி மறுபடியும் தட்டினார்கள். பக்கத்தில் நின்ற அத்தை, "பையன்தானே?" என்று கேட்டார்கள். டாக்டரம்மா கையைக் கழுவப் போனார்கள். அவர்கள் கை கழுவிய நேரம் எவ்வளவு என்று எனக்கு இன்றைக்கும் தெரியும். நூற்றுப் பதினாலு வரை எண்ணினேன்.

வயிற்றில் இருந்தது நீர். அந்த நீருக்குக் காரணம் சூலகத்தில் ஒரு கட்டி. சூலகம் என்பது பெண்களுக்குக் கருமுட்டை உண்டாகும் இடம். அறுவை செய்து கட்டியை எடுத்தார்கள். அதில் ஒரு துண்டை மெல்லிசாகச் சீவி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வெளியூருக்கு அனுப்பினார்கள். முடிவு வரப் பத்து நாள் ஆயிற்று. அந்தப் பத்து நாளும் எனக்கு ஒரே யோசனைதான். லில்லிக்குத் தலை வாரத் தெரிந்த ஆள் எங்கள் வீட்டில் நான் ஒருத்திதான். அவள் அப்பா வாரினால் இரண்டு சடையும் ஒரே காதுக்குப் பின்னால் வந்துவிடும்.

முடிவு கெட்டதாக வந்தது. புற்றுநோய். பெரிய கட்டியை எடுத்தாகிவிட்டது, கண்ணுக்குத் தெரியாத பொடிகள் உள்ளே சிதறியிருக்கின்றன, அவற்றைக் கத்தியால் எடுக்க முடியாது, மருந்தால்தான் முடியும் என்றார்கள். அந்த மருந்து நம் நாட்டுக் கடைகளில் கிடைப்பது அரிது. பெயரிலேயே பிளாட்டினம் இருக்கிற மருந்து.

என் வீட்டுக்காரருக்குப் பழக்கமான கப்பல் அதிகாரி ஒருவர், டாக்டரம்மாவின் கடிதத்தைக் கொண்டுபோய் அடுத்த பயணத்தில் வாங்கி வந்தார். துறைமுக வாசலில் சோதனை செய்தவர் சீட்டில் பிளாட்டினம் என்று படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, எத்தனை பவுன் என்று கேட்டிருக்கிறார். ஒரு குப்பியில் பத்து மில்லிகிராம் என்றதும் குப்பியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதுல ஒரு மூக்குத்தி கூட தேறாதே அண்ணாச்சி" என்று வருத்தப்பட்டுக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாராம்.

மருந்து ஏற்றும் முறை இது. முதல் நாள் முழுக்க உப்புத் தண்ணீரை நரம்பு வழியாக இறக்குவார்கள். அப்புறம் மருந்து. அப்புறம் மறுபடியும் உப்புத் தண்ணீர். சிறுநீர் தாராளமாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் மருந்து சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். எனவே உள்ளே போவது எவ்வளவு, வெளியே வருவது எவ்வளவு என்று ஒருவர் குறித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நர்ஸ் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் முகத்தில் அன்றைக்குத்தான், வியாதி தெரிந்த பிறகு முதல் தடவையாக, ஒரு வெளிச்சம் வந்தது. துறைமுகத்திலிருந்து ஒரு டாலி நோட்டுப் புத்தகம் கொண்டுவந்தார். இடது பக்கம் இறக்குமதி என்று எழுதினார். வலது பக்கம் ஏற்றுமதி. வாந்தியை எங்கே எழுதுவது என்று அரை நாள் யோசித்தார். கடைசியில் சேதாரம் என்று தனிப்பத்தி போட்டார்.

அதில் எனக்கு ஒரே கஷ்டம் அவருடைய குரல். கப்பல் தளத்தில் பேசிப் பழகிய குரல். வராந்தாவின் அந்தக் கோடியிலிருந்தே, "ஏற்றுமதி ஏன் காலையிலேர்ந்து மந்தமா இருக்கு?" என்பார். பார்க்க வந்தவர்கள் கையில் மக்ரூன் டப்பாவோடு தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

சேதாரப் பத்திதான் அதிகம் நிரம்பியது. பொய் சொல்ல மாட்டேன், இந்த மருந்தின் வாந்தி சாதாரண வாந்தி இல்லை. வயிற்றில் ஒன்றும் இல்லாத பிறகும் வரும். காதுக்குள் 'ஙொய்' என்று ஒரு சத்தமும் வந்தது. துறைமுகத்தில் கப்பல் சங்கு ஊதுகிறது என்று நினைத்து, எந்தக் கப்பல் என்று அவரிடம் கேட்பேன். பாதி நேரம் கப்பலே இருக்காது.

எனக்குப் பக்கத்துக் கட்டிலில் விளாத்திகுளம் பேச்சியக்கா இருந்தார். வெற்றிலையோடு புகையிலை போட்டுப் போட்டுக் கன்னத்துக்குள் புண். அவருக்கு வேறு மருந்து. தலையணைக்கடியில் ஒரு சின்ன அரிவாள் வைத்திருப்பார். காத்துக் கருப்பு அண்டாமல் இருக்க இரும்பு வேண்டுமாம். நர்ஸ் காலையில் எடுத்து அலமாரியில் பூட்டுவார். சாயங்காலம் அது எப்படியோ தலையணைக்கு வந்துவிடும்.

முதல் தவணை மருந்து முடிந்து எனக்குத் தலை நிமிர்ந்தபோது, இந்தப் பிளாட்டினம் உள்ளே போய் என்னதான் செய்கிறது என்று டாக்டரம்மாவைக் கேட்டேன். நான் கெமிஸ்ட்ரி பட்டதாரி. கல்யாணத்துக்கு முன் நாசரேத்தில் இரண்டு வருஷம் டீச்சர் வேலையும் பார்த்தேன். அதனால்தான் கேட்டேன். கேட்காமல் இருந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

டாக்டரம்மா மருந்துச் சீட்டின் பின்பக்கம் படம் போட்டார்கள். நம் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் டி.என்.ஏ. என்று ஒரு நீளமான சரடு இருக்கிறது. கப்பலில் ஏறுவதற்குத் தொங்கவிடும் நூலேணியை முறுக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி. ஒரு செல் இரண்டாக வேண்டுமானால் அந்த ஏணி நடுவே பிரிந்து, ஒவ்வொரு பாதியும் தனக்கு ஜோடிப் பாதியைச் செய்துகொள்ள வேண்டும். புற்றுநோய் செல்லுக்கு இதே வேலை, ஓயாமல் இரண்டிரண்டாகப் பிரிந்துகொண்டே இருப்பது.

மருந்தின் நடுவில் ஒரு பிளாட்டினம் அணு. அதற்கு நாலு கை. பக்கத்துப் பக்கத்தில் உள்ள இரண்டு கைகள் அமோனியாவைப் பிடித்திருக்கின்றன, அவை லேசில் விடுவதில்லை. மற்ற இரண்டும் குளோரினைப் பிடித்திருக்கின்றன. இரத்தத்தில் உப்பு அதிகம். உப்பு என்றால் பாதி குளோரின்தானே. சுற்றிலும் அது நெரிபடுவதால் ஒரு குளோரின் விலகினாலும் இன்னொன்று அந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். செல்லுக்குள் உப்பு மிகக் குறைவு. அங்கே விலகிய குளோரின் திரும்புவதில்லை. அந்த இடத்தில் தண்ணீர் வந்து நிற்கும், ஆனால் அதற்குப் பிடி கிடையாது. ஆக மருந்துக்கு இரண்டு கை காலி. அந்த இரண்டு கைகளும் ஏணியில் அடுத்தடுத்த இரண்டு படிகளைப் பிடித்துக்கொள்ளும். ஏணி அந்த இடத்தில் மடங்கிவிடும். மடங்கிய ஏணியைப் பிரித்து நகல் எடுக்க முடியாமல் செல் திணறிச் சாகும்.

இப்படித்தான் நடப்பதாக ஆராய்ச்சிக்காரர்கள் நினைக்கிறார்கள், கண்ணால் பார்த்தவர்கள் யாரும் இல்லை என்றும் டாக்டரம்மா சேர்த்துச் சொன்னார்கள். இன்னொன்றும் சொன்னார்கள். இதே சரக்கைக் காலியாகும் கைகள் எதிரெதிர்ப் பக்கம் இருக்கும்படி செய்தால் மருந்தாக வேலை செய்வதில்லையாம். என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார். "ரெண்டு கையும் ஒரே பக்கம் நீட்டினாத்தானே மூட்டையத் தூக்க முடியும்" என்றார்.

பேச்சியக்கா தன் மருந்து என்ன செய்யும் என்று கேட்டார். அது வெறுங்கையோடு போகும், நம் உடம்பில் உள்ள இரும்பைக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், அந்த இரும்பும் நாம் மூச்சில் இழுக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து ஏணியின் கயிற்றையே அறுத்துவிடும் என்றார்கள்.

"அப்ப டீச்சருக்குப் போடுதது கொக்கி. எனக்கு அருவா" என்றார் பேச்சியக்கா. மறுநாள் காலையில் நர்ஸ் அரிவாளை எடுக்க வந்தபோது தலையணையை அமுக்கிக்கொண்டு, "டாக்டரம்மாதான் இரும்பு வேணும்னு சொல்லியிருக்காவ. நீ யாருளா எடுக்கதுக்கு?" என்று சண்டைக்குப் போனார்.

நான் சிரித்தேன். படிக்காதவர்கள் எப்படித் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள் என்று நினைத்துச் சிரித்தேன். அன்று சாயங்காலமே அதைவிடப் பெரிய தப்பு ஒன்றைச் செய்தேன்.

படுத்துக்கொண்டு அந்தச் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். உப்பு இருக்கிற இடத்தில் கைகள் மூடியிருக்கின்றன. உப்பு குறைகிற இடத்தில் திறக்கின்றன. திறந்தால்தான் மருந்து வேலை செய்யும். அப்படியானால் என் உடம்பில் உப்பைக் குறைத்தால் மருந்து இன்னும் நன்றாகத் திறக்குமே. வேதிச் சமநிலை என்று பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நானே கரும்பலகையில் எழுதிப்போட்ட விதி. நான் தினமும் கஞ்சியில் உப்புப் போட்டுக் குடித்து, கப்பலில் வந்த மருந்தைக் கட்டிப்போட்டுக் கொண்டிருக்கிறேனோ? டாக்டரம்மாவைக் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் ஒருவேளை மறந்திருந்தால், நான் கேட்பது குற்றம் சொல்வதுபோல ஆகிவிடுமே. இப்படி யோசித்துக் கேட்காமல் விட்டேன். உப்பை விடுவதில் என்ன கெட்டுவிடப் போகிறது?

இரண்டாவது தவணைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்த அன்றே அத்தையிடம், "டாக்டரம்மா உப்பு வேண்டாம்னு சொல்லிட்டாங்க" என்றேன். அவ்வளவுதான் நான் சொன்னது. ஒரே வாக்கியம்.

இதை நான் யாரிடம் சொன்னேன் என்பதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மாமா, அதாவது என் மாமனார், உப்பளத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து காலமானவர். அத்தை ஒரு கல்லை நாக்கில் வைத்தால் எந்த அளத்து உப்பு, எந்த மாதத்தில் வாரியது என்று சொல்லுவார்கள். உப்புக் குறைந்த குழம்பு அவர்களுக்குக் குழம்பே இல்லை. அப்படிப்பட்டவர்கள் தூக்குச்சட்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். "இந்த ஊர்ல உக்காந்துக்கிட்டு உப்பு வேண்டாம்னு சொன்னாளா அவ? சாத்தான்குளத்துக்காரிக்கு உப்பப் பத்தி என்ன தெரியும்?" என்றார்கள். ஆனால் மறுநாள் காலையிலிருந்து கஞ்சி உப்பில்லாமல் வந்தது. ஒரு கல் கூட இல்லை.

இந்தத் தடவை வாந்தி முன்னைவிட அதிகம். வாந்தியோடு உப்பும் போயிற்று. தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லியிருந்ததால் குடம் குடமாகக் குடித்தேன். மருந்து ஏற்றிய நாலாம் நாள் நடந்தது எனக்கு ஞாபகம் இல்லை. பேச்சியக்கா சொல்லித்தான் தெரியும்.

காலை பத்து மணிக்கு நான் எழுந்து நின்று, சேலையைச் சரிசெய்துகொண்டு, டாலி நோட்டைக் கையில் எடுத்து வருகைப் பதிவு எடுக்க ஆரம்பித்தேனாம். "பேச்சியம்மாள்" என்று கூப்பிட்டேனாம். அவரும் விளையாட்டு என்று நினைத்து, "இருக்கேன் டீச்சர்" என்றாராம். வார்டில் இருந்த ஆறு பேரும் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறார்கள். பாட்டில் மாட்டுகிற இரும்புக் கம்பி மட்டும் பதில் சொல்லவில்லை. அதை நான் வகுப்பு முடிகிறவரை நிற்கச் சொல்லிவிட்டேனாம். அது ஏற்கெனவே நின்றுகொண்டுதான் இருந்தது. வீட்டுக்காரர் வந்ததும் அவரை எந்தப் பிள்ளையின் அப்பா என்று கேட்டேனாம். அப்போதுதான் அவர் நோட்டைப் போட்டுவிட்டு டாக்டரம்மாவைக் கூப்பிட ஓடினார்.

இரத்தத்தைச் சோதித்ததில் சோடியம் மிகவும் இறங்கியிருந்தது. சோடியம் என்பது உப்பின் மறுபாதி. அது இறங்கினால் புத்தி தடுமாறும். இன்னும் இறங்கினால் வலிப்பு வரும், உயிருக்கே ஆபத்து. நரம்பு வழியாக மெல்ல மெல்ல உப்பை ஏற்றி என்னைத் திருப்பிக் கொண்டுவந்தார்கள். அடுத்த நாள் தெளிந்தபோது டாக்டரம்மா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கையில் டாலி நோட்டு. என் வீட்டுக்காரர் எதையும் விடாமல் எழுதுகிறவர் அல்லவா? இறக்குமதிப் பத்தியில் ஐந்தாறு நாளாக வரிசையாக, 'கஞ்சி, உப்பில்லாதது' என்று இருந்தது.

"உப்பு வேண்டாம்னு நான் எப்பம்மா சொன்னேன்?"

"நீங்க சொல்லல டாக்டர். நானா கண்டுபிடிச்சேன்."

"எதை?"

எல்லாவற்றையும் சொன்னேன். சமநிலை விதியையும் சொன்னேன். குறுக்கே பேசாமல் கடைசிவரை கேட்டார்கள்.

"நீ டீச்சரா இருந்தப்ப ஒரு பிள்ளை இப்படி எழுதியிருந்தா எத்தனை மார்க் போட்டிருப்பே?"

"விதிக்கு முழு மார்க்" என்றேன்.

உப்புதான் வழிக்குப் பூட்டு என்றார்கள் டாக்டரம்மா. பூட்டு வழியிலேயே திறந்துகொண்டால் மருந்து போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போகாது. முதலில் எதிர்ப்படுகிறதைப் பிடித்துக்கொள்ளும், அதிலும் முதலில் சிறுநீரகத்தை. பாட்டில் பாட்டிலாக உப்புத் தண்ணீர் ஏற்றியது எதற்கென்று நினைத்தாய் என்று கேட்டார்கள். செல்லுக்குள் உப்பு குறைவாக இருப்பது செல்லின் ஏற்பாடு, அது நான் கஞ்சியில் போடுகிற கல்லைப் பார்த்து நடப்பதில்லை. எழுந்து போகும்போது, "பேச்சியம்மா அருவாளால யாருக்கும் சேதமில்ல. உன் படிப்புதான் அலமாரியில வச்சுப் பூட்ட வேண்டியது" என்றார்கள். பேச்சியக்கா அதை இன்றைக்கும் மறக்கவில்லை. புண் பெரும்பாலும் ஆறி ஊருக்குப் போனவர், பஸ்ஸில் ஒரு பை கம்பு கொடுத்தனுப்பும்போதெல்லாம் அதையும் சொல்லியனுப்புகிறார்.

அத்தை அப்போது அங்கே இல்லை. கஞ்சி வைக்க வீட்டுக்குப் போயிருந்தார்கள். திரும்பி வந்ததும் என் வீட்டுக்காரர், எனக்காக, "டாக்டரம்மா மாத்திட்டாங்க, இனிமே உப்புப் போடலாமாம்" என்றார். அத்தை மடியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார்கள். எப்போது மாற்றிச் சொல்வார்களோ என்று உப்பை மடியிலேயே வைத்திருந்திருக்கிறார்கள். என் கஞ்சியில் போட்டுக் கலக்கி, நான் குடித்து முடிகிறவரை பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறகு தன் பாத்திரத்தைத் திறந்து குடித்தார்கள். அதில் போடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"நீ உப்பில்லாம கெடக்கையில நான் போட்டுத் திங்கவாளா? நீ சொன்ன அன்னைக்கே ஆண்டவர்ட்ட பொருத்தனை பண்ணிட்டேன். உனக்கு முழுசாச் சொகமாயிட்டுன்னு அந்த டாக்டர் வாயால சொல்லுத வரைக்கும் எனக்கு உப்பு வேண்டாம்."

"அத்தை, டாக்டரம்மாதான் மாத்திட்டாங்களே."

"மாத்தி மாத்திச் சொல்லுததுக்கு ஆண்டவர் என்ன டாக்டரா?" என்று பாத்திரத்தைக் கழுவப் போய்விட்டார்கள்.

அந்த நிமிஷமே சொல்லியிருக்க வேண்டும். உடம்பு தேறட்டும் என்று நினைத்தேன். அப்புறம் மூன்றாவது தவணை முடியட்டும் என்று நினைத்தேன். வாக்கியம் ஒவ்வொரு வாரமும் நீண்டுகொண்டே போயிற்று. முதலில், 'அது நானாகச் சொன்னது' என்றால் போதும். இப்போது, 'நீங்கள் இத்தனை மாதம் பட்டதெல்லாம் நான் வாய்க்கு வந்ததைச் சொன்னதால்' என்று சொல்ல வேண்டும். வீட்டுக்காரரிடம் யோசனை கேட்டேன். "நான் டாலி கிளார்க். எத்தனை மூட்டைன்னு எண்ணுவேன். மூட்டைக்குள்ள என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாக்கது என் வேலை இல்ல" என்று சொல்லிவிட்டார்.

ஆறு தவணையும் கிறிஸ்துமஸுக்கு முன் முடிந்தது. சோதித்துப் பார்த்ததில் கண்ணுக்குத் தெரிந்து ஒன்றும் இல்லை என்றார்கள். நான் அழுதேன். அத்தை அழவில்லை. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "அப்ப முழுசாச் சொகமாயிட்டா?" என்று கேட்டார்கள். டாக்டரம்மா நேர்மையானவர்கள். இந்த வியாதியில் அந்த வார்த்தையை உடனே சொல்லக்கூடாது, அஞ்சு வருஷம் திரும்ப வராமல் இருக்கட்டும், அப்போது சொல்கிறேன் என்றார்கள். அத்தைக்கு இப்போது அறுபத்திரண்டு வயது. வழியெல்லாம் விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்து, வீட்டு வாசலில், "அஞ்சு வருஷந்தான. லில்லி மூணாங்கிளாஸ் வந்திருவா" என்றார்கள்.

வீட்டில் சமையல் அவர்கள்தான். ஆனால் உப்புப் பார்க்க முடியாது. அதனால் லில்லியைக் கூப்பிட்டு அவள் நாக்கில் ஒரு சொட்டு விடுவார்கள். லில்லி எல்லாவற்றுக்கும் "சரி" என்பாள். விளையாட்டு நடுவில் கூப்பிட்டால் சுவைக்காமலே "சரி" என்பாள். போன ஞாயிறு மீன் குழம்பில் இரண்டு தடவை உப்பு விழுந்துவிட்டது. ஊரிலேயே நல்ல நாக்கு உள்ள வீட்டில் நாங்கள் மூச்சுவிடாமல் சாப்பிட்டு எழுந்தோம். லில்லி மட்டும் தன் பொம்மைக்கு அந்த மஞ்சள் தொப்பியை மாட்டி, அதற்கும் ஒரு வாய் ஊட்டினாள்.

இதெல்லாம் சிரிப்பாகவே இருந்திருக்கும். ஆனால் சென்ற வாரம் உச்சி வெயிலில் துணி காயப்போட்ட அத்தை கொடியோடு சாய்ந்துவிட்டார்கள். ரிக்‌ஷாவில் அதே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். வெயிலில் வியர்வையோடு உப்பெல்லாம் போய்விட்டது, உள்ளேயும் போகவில்லை. பாட்டிலை மாட்ட வந்த நர்ஸைக் கையைப் பிடித்து நிறுத்தி, இதில் உப்பு உண்டா என்று கேட்டார்கள். உண்டு என்றதும், ஊசி வழியாகப் போனால் பொருத்தனை முறியுமா என்று மகனைக் கேட்டார்கள். அவர் ஒரு நொடி கூட யோசிக்காமல், "வாய் வழியா எறங்காத சரக்கு கணக்குல வராது" என்றார். அத்தை சமாதானமாகக் கையை நீட்டினார்கள். இருபது வருஷ டாலி உத்தியோகத்தில் அவர் கொடுத்த முதல் பொய்க்கணக்கு அதுதான்.

டாக்டரம்மா என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டார்கள். இந்த வயதில், இந்த வெயிலில் இது தொடர்ந்தால் அடுத்த தடவை கொடி கையில் கிடைக்காமல் தரையில் விழுவார்கள் என்றார்கள். "இரண்டு வாரம் கழிச்சு அவங்களைக் கூட்டிட்டு வா. அதுக்குள்ள நீ சொல்லணும். இல்லாட்டி நான் சொல்லிருவேன். நான் சொன்னா என் பேர் மட்டுந்தான் சுத்தமாகும். நீ சொல்றதுதான் மரியாதை."

அன்றைக்கே சொல்லிவிடுவதென்று உள்ளே போனேன். பேச்சியக்கா கிடந்த அதே கட்டிலில் அத்தை படுத்திருந்தார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, "அத்தை, அந்த உப்பு விஷயம்" என்று ஆரம்பித்தேன். பொருத்தனை வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

"நீ ஒண்ணும் சொல்லாத. மருந்து டாக்டர் குடுத்தா. எண்ணுத வேலைய அவன் பாத்தான். பிள்ளைக்குச் சடை போடக்கூட எனக்கு வரல. உனக்குக் குடுக்கதுக்கு எங்கிட்ட உப்புதாம்ளா இருந்துச்சு" என்றார்கள்.

பாட்டில் முடிந்துவிட்டது என்று நர்ஸைக் கூப்பிடுவதுபோல எழுந்து வெளியே வந்துவிட்டேன்.

இதைப் படிக்கிற மாமியார்களே, மருமக்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். நான் பிழைத்தது மருந்தால், டாக்டரம்மாவால், அந்த நாலு கையால். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அத்தை உப்பை விட்டதால் என் வியாதி போகாது என்று தெரியும் அளவுக்குப் படித்தவள் நான், படித்துத்தான் கெட்டேன். ஆனால் அத்தை மறுபடியும் உப்புச் சாப்பிட வேண்டும், இந்தக் கோடை முற்றுவதற்குள் சாப்பிட வேண்டும். அவர்கள் எனக்குக் கொடுத்ததை, நான் பொய் சொல்லி வாங்கியது என்று எந்த வார்த்தையில் சொன்னால், கொடுத்தது கொடுத்ததாகவே அவர்களிடம் இருக்கும்? நேராகச் சொல்வதா, கடிதமாக எழுதித் தலையணைக்கடியில் வைப்பதா, போதகரை வைத்துக்கொண்டு சொல்வதா? இப்படி ஒன்றை வீட்டில் சொல்லிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். தபால் அட்டை போதும். இரண்டு வாரத்தில் நாலு நாள் போய்விட்டது. அடுக்களையில் லில்லியை உப்புப் பார்க்கக் கூப்பிடுகிற சத்தம் கேட்கிறது. கிண்ணம் இன்னும் என் கையில்தான் இருக்கிறது.